கடற்காற்றில் நின்ற வண்டியா என்று பாருங்கள்: குமரி மாவட்டக் குடும்பங்கள் பழைய நடுத்தர எஸ்.யு.வி. வாங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பழைய கார் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதுதான். அந்தக் கேள்வி தேவையானதே. ஆனால் நம் மாவட்டத்தில் அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வண்டி இத்தனை ஆண்டுகளும் எந்த ஊரில், எப்படிப்பட்ட கூரையின் கீழ் நின்றது? ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடற்கரையும், அதிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ரப்பர்த் தோட்டங்களும் மலைச்சாலையும், தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் சேர்ந்த நிலம் இது. குளச்சலில் கடலைப் பார்த்து நின்ற வண்டியும், குலசேகரத்தில் தோட்டத்துக்கு ஏறி இறங்கிய வண்டியும், வளைகுடாவில் வேலை பார்ப்பவரின் வீட்டில் ஆண்டுக்குப் பத்து மாதம் அசையாமல் கிடந்த வண்டியும், மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டினாலும் வெவ்வேறு நோய்களைச் சுமந்திருக்கும்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பிக்காக முட்டத்துக்கு அருகே ஒரு வண்டியைப் பார்த்தோம். 22,000 கிலோமீட்டர், ஒரே உரிமையாளர், உள்ளே இருக்கை உறைகூடப் பிரிக்கப்படவில்லை. மேலே தெரிந்த பளபளப்பில் மயங்கி, அடியில் குனிந்து பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டோம். முதல் சர்வீஸில் லிஃப்டில் ஏற்றியபோது, பின்பக்கப் பிரேக் குழாய் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்ததையும், சைலன்சரைத் தாங்கும் கொக்கிகள் கைப்பட்டாலே உதிரும் நிலையில் இருந்ததையும் மெக்கானிக் காட்டினார். மூன்று பிள்ளைகள் ஏறும் வண்டியின் பிரேக் குழாய் அது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. இந்த வழிகாட்டியின் வரிசை அந்த அனுபவத்திலிருந்து வந்தது.

முதல் படி: வீட்டின் ஓட்டத்தை எழுதிப் பாருங்கள்

வண்டியைத் தேடுவதற்கு முன், ஒரு மாதத்தில் உங்கள் குடும்பம் உண்மையில் எங்கெல்லாம் போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் பள்ளி, பிறகு அலுவலகம், மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை கோவிலோ ஆலயமோ, எப்போதாவது திருவனந்தபுரத்துக்கு மருத்துவமனை அல்லது விமான நிலையப் பயணம் என்பதே இங்குள்ள பெரும்பாலான வீடுகளின் கணக்கு. அதாவது, நான்கைந்து கிலோமீட்டர் கொண்ட குறுகிய ஓட்டங்களே அதிகம்.

இந்தக் கணக்குதான் டீசலா பெட்ரோலா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில், புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்துவைத்த கரியை அது தானே எரித்துத் தீர்க்க வேண்டுமானால் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். அதற்கு வண்டி சீரான வேகத்தில் கால் மணி நேரமாவது தொடர்ந்து ஓட வேண்டும். வடசேரியிலிருந்து பள்ளிவரை போய்த் திரும்பும் வண்டிக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. வடிகட்டி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, இழுவை குறைந்து, கடைசியில் பெரிய செலவாக வந்து நிற்கிறது. ஆகவே மாதம் பலமுறை திருவனந்தபுரமோ மதுரையோ போய்வருகிற குடும்பத்துக்கு டீசலும், மற்றவர்களுக்குப் பெட்ரோலும் ஏற்றவை என்பது என் தீர்ப்பு. பழைய பெட்ரோல் வண்டி எனில், 20 சதவீத எத்தனால் கலந்த எரிபொருளுக்கு அது ஏற்றதா என்பதை உரிமையாளர் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுத்தர எஸ்.யு.வி. என்று இங்கே நான் குறிப்பிடுவது, லாரிபோல் தனிச் சட்டத்தின்மேல் உடலைப் பொருத்தாமல், காரைப்போல ஒரே கூடாகக் கட்டப்பட்ட, ஏறத்தாழ 4.2 முதல் 4.7 மீட்டர் நீளமுள்ள வண்டிகளை. 2012இல் வந்த ரெனோ டஸ்டர், 2015இல் வந்த ஹூண்டாய் கிரெட்டா, 2019இல் வந்த கியா செல்டோஸ், டாடா ஹாரியர், எம்.ஜி. ஹெக்டர், 2021இல் வந்த ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வேகன் டைகுன், 2022இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவையே பழைய கார்ச் சந்தையில் அதிகம் எதிர்ப்படும். உங்கள் வீட்டுக்குப் போகும் முடுக்கின் அகலத்தையும், எதிரே ஆட்டோ வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா என்பதையும் டேப்பால் அளந்துவிட்டே ஹாரியர், ஹெக்டர் போன்ற அகலமான வண்டிகளை நினையுங்கள்.

பாதுகாப்பு மதிப்பீட்டையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் அமைப்பின், ஐந்து நட்சத்திரம்வரை தரும் சோதனையில் 2020இல் செல்டோஸும் 2022இல் கிரெட்டாவும் மூன்று நட்சத்திரம் பெற்றன. 2022 இறுதியில், முன்னதைவிடக் கடுமையான விதிமுறையில் சோதிக்கப்பட்ட குஷாக்கும் டைகுனும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. 2023இல் புதுப்பிக்கப்பட்ட ஹாரியரும் ஐந்து பெற்றது. மதிப்பீடு சோதிக்கப்பட்ட அந்தத் தலைமுறைக்கு உரியது என்பதால், 2019ஆம் ஆண்டு ஹாரியரை விற்பவர் 2023இன் நட்சத்திரங்களைச் சொல்லி விலை கேட்டால் ஏற்காதீர்கள்.

இரண்டாம் படி: வண்டியைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

பதிவு எண்ணை வாங்கி, அரசின் வாகனப் பதிவு விவரங்கள் உள்ள பரிவாஹன் தளத்திலோ எம்பரிவாஹன் செயலியிலோ பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், எந்த ஆண்டு தயாரிப்பு, கடன் பதிவு உள்ளதா, காப்பீடு எதுவரை, நிலுவையிலுள்ள அபராதம் என்ன என்பவை அங்கே பெரும்பாலும் தெரிந்துவிடும். டி.என். 74 என்றால் நாகர்கோவில், டி.என். 75 என்றால் மார்த்தாண்டம். எண் இந்த ஊருடையது என்பதால் வண்டியும் இங்கேயே நின்றது என்று கொள்ள வேண்டாம். விற்பவரின் முகவரியையும் சர்வீஸ் செய்த ஊரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம் என்பதால் கே.எல். எண் கொண்ட வண்டிகள் நம் கைக்கு எளிதாக வருகின்றன. விலையும் சில சமயம் குறைவாகத் தோன்றும். அந்த விலையோடு, அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்திலிருந்து படிவம் 28 வழியே தடையின்மைச் சான்று பெறுவது, தமிழ்நாட்டுக்கு வாழ்நாள் வரி கட்டி மறுபதிவு செய்வது, கேரளத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பப் பெற விண்ணப்பித்து அலைவது ஆகிய மூன்றையும் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களைச் சூழ்ந்த வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. அந்தக் காலத்தில் அந்த ஊர்களில் இருந்த வண்டி எனில், அக்காலத்துக்கான காப்பீட்டு இழப்பீட்டு விவரத்தையும் சர்வீஸ் பில்களையும் கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாம் படி: அடியிலிருந்து தொடங்குங்கள்

விற்பவரின் வீட்டு முற்றத்திலேயே வண்டியைப் பார்த்து முடிவெடுக்காமல், லிஃப்டோ குழியோ உள்ள, உங்களுக்குத் தெரிந்த பணிமனைக்கு அதைக் கொண்டுபோக அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த வண்டி வேண்டாம். இதில் நான் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை.

லிஃப்டில் ஏறியதும், நல்ல டார்ச் வெளிச்சத்தில் பிரேக் குழாய்களை முன்னிருந்து பின்வரை விரலால் தடவிப் பாருங்கள். மேலோட்டமான பழுப்பு நிறம் எங்கும் இருப்பதுதான். விரலில் செதிலாக உதிர்ந்தால் அது வேறு நிலை. இன்ஜினின் அடியிலுள்ள முன்பக்கச் சட்டமான சப்ஃபிரேம், பின் ஆக்சிலின் வெல்டிங் இணைப்புகள், சைலன்சர் கொக்கிகள், பெட்ரோல் டேங்கைத் தாங்கும் பட்டை, கதவுகளின் கீழ்விளிம்பு ஆகியவற்றில் உப்புக்காற்று முதலில் பிடிக்கும். கதவின் அடியில் மழைநீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை மணலால் அடைத்திருந்தால் கதவு உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கியிருக்கலாம். அடிப்பகுதி முழுவதும் கறுப்புப் பூச்சு புதிதாக மின்னினால் மகிழாதீர்கள். விற்பனைக்குச் சில நாள் முன்பு அடித்த பூச்சு, துருவை மறைப்பதற்காகவும் இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மெல்லத் தட்டிப் பார்த்தால் நல்ல தகட்டுக்கும் அரித்த தகட்டுக்கும் சத்தம் வேறுபடும்.

அடுத்து டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி டயரையும் வெளியே எடுத்துவிடுங்கள். கடலோர ஊர்களில் மீன் பெட்டியைக் காரில் வைத்து எடுத்துப் போவது சாதாரணம். ஐஸ் உருகிய உப்புநீர் வழிந்து ஸ்டெப்னிக் குழியில் தேங்கினால், மேலே ஒன்றும் தெரியாமல் அடித்தகடு அரிக்கும். ரப்பர்த் தோட்டப் பகுதி வண்டி எனில், ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்றிய நாற்றம் அந்தக் குழியில்தான் தங்கும். எத்தனை வாசனைப் புட்டி வைத்தாலும் ஏ.சி. போட்டு வெயிலில் நிறுத்தினால் அது எழுந்து வரும். குழந்தைகளுக்கு வாந்தி வர அதுவே போதும்.

நான்காம் படி: விபத்தும் வெள்ளமும்

பானெட்டைத் திறந்து, மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். பெயின்ட் கலையாமல் இருந்தால் அவை கழற்றப்படவில்லை. மட்கார்டுக்கு உட்புறமுள்ள ஏப்ரன் தகட்டிலும் ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டத்திலும் தொழிற்சாலையில் போட்ட புள்ளி வெல்டிங் ஒரே சீரான இடைவெளியில் வட்டமாக இருக்கும். டிங்கரிங் செய்த இடத்தில் அந்த ஒழுங்கு குலைந்திருக்கும். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவி கிடைத்தால் எல்லாத் தகடுகளையும் ஒப்பிடலாம். பெரும்பாலான கார்களில் 80 முதல் 150 மைக்ரான்வரை இருப்பது இயல்பு, ஒரு கதவில் மட்டும் 300ஐத் தாண்டினால் அங்கே பட்டி போட்டுப் பூசியிருக்கிறார்கள். பம்பரும் கதவுக் கீறலும் ஊரில் எல்லா வண்டிக்கும் நேர்வதுதான். கூரையைத் தாங்கும் தூண்களிலும் ஏப்ரனிலும் வேலை நடந்த வண்டியைக் குடும்பத்துக்கு வாங்கக் கூடாது.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், முன்பு வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

வெள்ளம் பார்த்த வண்டியைக் கண்டுபிடிக்கப் பின் சீட்டு பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். வண்டியைக் கழுவுகிறவர்கள் கடைசி ஓரடியை மறந்துவிடுவார்கள். சேற்று நீரின் கோடு அங்கே மிஞ்சியிருக்கும். சீட்டின் கீழுள்ள தண்டவாளத்தின் திருகுகள், கார்ப்பெட்டின் அடியிலுள்ள பஞ்சு, டேஷ்போர்டின் கீழே வயர் இணைப்புகளில் பச்சைப் பூசணம்போன்ற படிவு ஆகியவற்றையும் பாருங்கள். அதே நேரத்தில் எலி கடித்த வயர்களையும் தேடிவிடலாம். தென்னந்தோப்புக்கு நடுவே நிற்கும் வண்டிகளில், அதிலும் நீண்ட நாள் ஓடாமல் கிடந்தவற்றில், இது மிகச் சாதாரணமான கோளாறு.

வளைகுடாவிலிருப்பவரின் வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் அதற்குத் தனி மதிப்பு கொடுத்து அதிக விலை கேட்கிறார்கள். எட்டு ஆண்டில் 18,000 கிலோமீட்டர் என்பது இன்ஜினுக்கு நல்லதாகத் தோன்றும். ஆனால் கிலோமீட்டர் ஏறாததால் ஆயில் மாற்றாமலே விட்டிருப்பார்கள். ஆயில் காலத்தாலும் கெடும். டயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகியிருக்கும். பிரேக் காலிப்பர் இறுகியிருக்கும். ஏ.சி. கம்ப்ரசரின் சீல் காய்ந்து வாயு கசிந்திருக்கும். டஸ்டர் டீசல்போல டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்களில், ஓடிய தூரம் குறைவாக இருந்தாலும் வயது மீறினால் பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும்; அது அறுந்தால் இன்ஜினே போகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அந்த வண்டியில் பழைய டயர்களே இருந்தால், ஐந்து டயர்களின் விலையையும் உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று அறிய, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவான சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். அத்துடன் பிரேக் பெடலின் ரப்பர் தேய்மானத்தையும், ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க விளிம்பையும் பாருங்கள். 30,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பெடல் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்காது.

ஐந்தாம் படி: குளிர்ந்த இன்ஜினில் தொடங்கி ஓட்டிப் பாருங்கள்

காலையில், சொல்லிவைத்த நேரத்துக்கு அரை மணி முன்பே போய், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருப்பதால் முன்கூட்டியே ஓடவிட்டிருக்கலாம். ஸ்டார்ட் செய்தபின் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை நிற்காமல் தொடர்ந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். வண்டியின் கணினியிலுள்ள கோளாறுப் பதிவுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை உடன் அழைத்துப் போய், பதிவான பிழைக்குறிகளையும், அவை அண்மையில் அழிக்கப்பட்டனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டும் பாதையை நீங்களே தேர்ந்தெடுங்கள். என் பாதை இது: வடசேரி நெரிசலில் முதல் பத்து நிமிடம். இங்கே கிளட்ச் எவ்வளவு மேலே பிடிக்கிறது, ஏ.சி. நின்ற இடத்திலும் குளிர்கிறதா, தானியங்கி கியர் எனில் ஊர்ந்து போகும்போது அதிர்கிறதா என்பவை தெரியும். டி.சி.டி. என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி, அதிலும் உலர் வகை, நெரிசலில் ஊர்வதால் சூடாகி விரைவில் தேயும்; ஆகவே அந்த வண்டியை மேடான இடத்தில் நிறுத்தி, மெல்ல நகர்த்தி, நடுக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு பார்வதிபுரம் பாலமேறி தக்கலை வழியே குலசேகரம், அங்கிருந்து பேச்சிப்பாறை நோக்கிய ஏற்றமும் வளைவும். மூன்றாம் கியரில் ஏற்றத்தில் அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மேடு பள்ளமான இடங்களில் ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கிக் கேட்டால், சஸ்பென்ஷன் பாகங்களான லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் தேய்ந்த "கடகட" ஒலி தெளிவாகக் கேட்கும்.

நேரம் இருந்தால் வேறொரு நாள் ஆரல்வாய்மொழிப் பக்கம் நான்குவழிச் சாலையில் ஓட்டுங்கள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் கணவாய்க் காற்று, தென்மேற்குப் பருவத்தில் பக்கவாட்டிலிருந்து வண்டியைத் தள்ளும். உயரமான இவ்வகை வண்டி அந்தக் காற்றில் நேர்கோட்டில் நிற்கிறதா, காற்று ஓய்ந்த இடத்திலும் ஒரு பக்கம் இழுக்கிறதா, கதவு ரப்பரில் விசில் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். கதவு ரப்பர் போன வண்டியில் அடைமழைக்காலத்தில் தண்ணீரும் உள்ளே வரும்.

ஆறாம் படி: குடும்பத்தையே ஏற்றிப் பாருங்கள்

இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போய், முழங்கால் வலியோடு அவர்களால் ஏறி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து பார்க்கக் கம்பீரமாகத் தோன்றும் உயரம், முதியவருக்குத் தினசரித் துன்பமாகிவிடும். குழந்தை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ளதா, பின் நடு இருக்கைக்கு மூன்று முனை பெல்ட் உள்ளதா, பின்பக்கத்துக்கு ஏ.சி. காற்று போகிறதா என்பவற்றைப் பிள்ளைகளை உட்கார வைத்தே சரிபாருங்கள்.

ஏழாம் படி: விலையும் கைமாற்றமும்

பணிமனையில் கண்ட குறைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக்கிடம் செலவு கேட்டு, அந்தத் தாளை விற்பவர் முன் வைத்துப் பேசுங்கள். விலைக்கு ஒரு அளவுகோலாகக் காப்பீட்டுத் தாளிலுள்ள ஐ.டி.வி. (வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனம் குறித்த) மதிப்பைக் கொள்ளலாம், புதுவிலையிலிருந்து மூன்று முதல் நான்கு ஆண்டுக்குள் 40 சதவீதமும், நான்கு முதல் ஐந்து ஆண்டுக்குள் 50 சதவீதமும் தேய்மானம் கழிப்பது வழக்கம். சந்தை விலை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஏன் கூடுதல் என்பதை விற்பவர்தான் காட்ட வேண்டும்.

உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். கடன் தீர்ந்த வண்டி எனில், கடன் பதிவை நீக்கும் படிவம் 35உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி பழைய உரிமையாளருடனேயே போய்விடும் என்பதால் பிரீமியம் கூடும். வண்டியைப் பெற்ற நாளோடு மணியையும் குறித்த டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள். முந்தைய நாள் நடந்த குற்றத்துக்கோ விபத்துக்கோ நீங்கள் பதில் சொல்ல வேண்டியிராது.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், என்ன சொல்லி விற்றிருந்தாலும், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், எல்லா ஃபில்டர்களும் மாற்றுங்கள். துருத்தடுப்புப் பூச்சை மட்டும் அவசரப்பட்டு அடிக்க வேண்டாம்: முதலில் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் அழுத்தமாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இருக்கும் துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுத்து, ப்ரைமர் அடித்த பிறகே பூச வேண்டும். ஈரத்தின்மேல் அடித்த பூச்சு உப்பை உள்ளேயே வைத்து மூடிவிடும். அதன்பின் சொத்தவிளை, சங்குத்துறைக் கடற்கரைகளுக்குப் போய்வந்தால், மறுநாள் காலையில் வண்டியின் மேல்பகுதியைத் துடைப்பதற்கு முன் அடிப்பகுதிக்குக் குழாயைத் திருப்புங்கள்.